மாட்டுத்தாவணியில் ஒரு மிரர்லெஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது விமர்சனம் இல்லை. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி3 வெளிவந்தது 2018-இல். அதற்குப் பின்னால் எக்ஸ்-டி4 வந்தாயிற்று, எக்ஸ்-டி5 வந்தாயிற்று. அதன் சென்சார், வீடியோ, ஆட்டோஃபோகஸ் பற்றியெல்லாம் யூடியூபில் பேசித் தீர்த்துவிட்டார்கள். வருடக்கணக்காக டிஎஸ்எல்ஆரை மட்டுமே பிடித்துப் பழகிய ஒரு கைக்கு, ஒரு கண்ணுக்கு, திடீரென்று மிரர்லெஸ் வந்தால் என்ன ஆகிறது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கேமரா என்னுடையது இல்லை. என் சித்தி மகன் மதுரையில் கல்யாணங்களுக்கு கேண்டிட் எடுக்கிறவன். புதிதாக எக்ஸ்-டி5 வாங்கிவிட்டான். பழைய எக்ஸ்-டி3-ஐ விற்கலாமா வேண்டாமா என்ற யோசனையில், "கொஞ்ச நாள் நீங்க வச்சுப் பாருங்கண்ணே, புடிச்சா பேசிக்கலாம்" என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். கூடவே 18-55 கிட் லென்ஸ், 35 எஃப்2 லென்ஸ், இரண்டு பேட்டரி, ஒரு அடாப்டர். நான் வைத்திருப்பது நிக்கான் டி7200. அதில் எந்த பட்டன் எங்கே என்று விரல் பார்த்துக்கொள்ளும், நான் யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் தயக்கமாகவும் இருந்தது.

டிஎஸ்எல்ஆர் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு, மேலே இருக்கும் பட்டகத்துக்குள் புகுந்து திரும்பி, நம் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அமுக்கியதும் அந்தக் கண்ணாடி மேலே எழும், ஷட்டர் திரை விலகும், சென்சாரில் வெளிச்சம் படும், கண்ணாடி மறுபடி கீழே விழும். அந்தக் கணத்தில் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். அதாவது படம் பதிவாகிற அதே நொடித்துளியை மட்டும் எடுத்தவன் பார்ப்பதில்லை. மிரர்லெஸ்ஸில் கண்ணாடியும் இல்லை, பட்டகமும் இல்லை. லென்ஸுக்குப் பின்னால் சென்சார் எப்போதும் விழித்திருக்கிறது. அது பார்ப்பதை ஒரு குட்டித் திரையில் போட்டு நம் கண் முன் வைத்துவிடுகிறார்கள். பானாசோனிக் ஜி1 இந்த முறையில் 2008-இல் வந்தது. நிக்கானும் கேனானும் பெரிய சென்சாரோடு இதில் இறங்கியது பத்து வருடம் கழித்து, 2018-இல்தான். நானெல்லாம் அதற்கும் பின்னால்.

எடையை முதலில் முடித்துவிடுகிறேன். பேட்டரியும் கார்டும் போட்டால் டி7200 765 கிராம். அதில் நான் வழக்கமாக மாட்டும் 18-140 லென்ஸ் 490 கிராம். எக்ஸ்-டி3 539 கிராம், 18-55 லென்ஸ் 310 கிராம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ நானூறு கிராம் மிச்சம். காலையில் தெரியாது. வெயிலில் கீழமாசி வீதி முழுக்க நடந்துவிட்டு வந்து கழுத்தைத் தடவும்போது தெரியும். ஆனால் சின்னதாக இருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. என் கை பெரியது. பிடியில் மூன்று விரல்தான் உட்காருகிறது, சுண்டு விரல் கேமராவுக்கு அடியில் தொங்குகிறது. 35 எஃப்2 மாதிரி 170 கிராம் லென்ஸ் மாட்டினால் பரவாயில்லை. நீளமான ஜூம் மாட்டுகிறவர்கள் கீழே கூடுதல் பிடி ஒன்று வாங்கிவிடுவார்கள், அத்தோடு மிச்சம் பிடித்த எடை போச்சு.

எனக்கு முதல் பார்வையில் பிடித்துப்போனது மேல்பக்கத்து டயல்கள். நம் டிஎஸ்எல்ஆரில் பி, எஸ், ஏ, எம் என்று ஒரு மோடு டயல் இருக்குமே, அது இதில் கிடையாது. இடது பக்கம் ஐஎஸ்ஓவுக்கு ஒரு டயல், வலது பக்கம் ஷட்டர் வேகத்துக்கு ஒன்று, அதன் பக்கத்தில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனுக்கு ஒன்று. அப்பர்ச்சர் லென்ஸிலேயே ஒரு வளையம். எதை 'ஏ'வில் விடுகிறோமோ அதை கேமரா பார்த்துக்கொள்ளும், எதைத் திருப்புகிறோமோ அது நம் பொறுப்பு. எல்லாவற்றையும் 'ஏ'வில் விட்டால் புரோகிராம் மோடு. அப்பர்ச்சரை மட்டும் திருப்பினால் அப்பர்ச்சர் பிரியாரிட்டி. அவ்வளவுதான் பாடம். அந்த மோடுகள் எல்லாம் என்ன என்று புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு நான் பலமுறை சுற்றிச் சுற்றி விளக்கியிருக்கிறேன். இந்த டயல்களைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இன்னொன்று, கேமராவை ஆன் பண்ணாமலே குனிந்து பார்த்தால் செட்டிங் என்னவென்று தெரிகிறது. பையிலிருந்து எடுக்கும்போதே ஐஎஸ்ஓ 800-இல் கிடக்கிறது என்று பார்த்து, விரலால் 160-க்குக் கொண்டுவந்துவிட்டு ஆன் செய்யலாம். ஐஎஸ்ஓ டயல், ஷட்டர் டயல் இரண்டின் நடுவிலும் பூட்டு பட்டன் வேறு இருக்கிறது, பையில் உரசித் தானாகத் திரும்பாது. 18-55 லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தில் மட்டும் எண்களே இல்லை, அது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ஜூம் பண்ணும்போது அப்பர்ச்சர் மாறும் லென்ஸ் அது, எண் பொறிக்க முடியாது என்பது புரிகிறது. ஆனாலும் 35 எஃப்2-இல் ஒவ்வொரு எண்ணுக்கும் 'க்ளிக், க்ளிக்' என்று விழுகிற சுகம் அதில் இல்லை.

சரி, வியூஃபைண்டர். இதைத்தான் எழுத வந்தேன்.

எழுபத்தைந்து சத உருப்பெருக்கம், 36.9 லட்சம் புள்ளி என்று எண்கள் சொல்கின்றன. டி7200-இன் ஃபைண்டரை விட இது கண்ணுக்குப் பெரிதாகவே தெரிகிறது. ஆனால் வீட்டுக்குள் நின்று முதன்முதலாகக் கண்ணை வைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்தால் சுவர் மாதிரி இல்லை, சுவரின் படம் மாதிரி இருந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் லேசாக மணல் மணலாக நெளிந்தது. கண்ணாடி வழியாக ஆளையே நேராகப் பார்த்துப் பழகியவனுக்கு, நடுவில் ஒரு திரை வந்து நிற்பது உறுத்தத்தான் செய்யும். இதற்கா இத்தனை பேர் மாறினார்கள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாறியது.

விடியும் முன்பே போனால்தான் அங்கே சரக்கு இறங்குவதைப் பார்க்கலாம். வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் மூட்டை மூட்டையாக வந்து கமிஷன் கடை முன்னால் கொட்டுவார்கள். சீசன் நேரம் என்பதால் மல்லி குவிந்து கிடந்தது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். படம் எடுக்கிறவனுக்கு அது கொடுக்கும் தலைவலி எடுத்தவனுக்குத்தான் தெரியும். கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தர சாம்பல் நிறம். வெள்ளைக் குவியலைக் காட்டினால், "ஐயோ, வெளிச்சம் அதிகம்" என்று பயந்து குறைத்துவிடும். மல்லி சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி வரும்.

டிஎஸ்எல்ஆரில் இதற்கு நான் செய்வது: ஒரு படம் எடுப்பேன், கேமராவை இறக்கிப் பின்பக்கத் திரையைப் பார்ப்பேன், ஒரு ஸ்டாப் கூட்டுவேன், இன்னொரு படம், மறுபடி குனிந்து பார்ப்பேன், கொஞ்சம் கூட்டுவேன். நான் குனிந்து நிமிர்வதற்குள் பூவை அள்ளிக்கொண்டிருந்த கை போய்விட்டிருக்கும். அனுபவத்தில் ஒரு ஸ்டாப் கூட்டி வைத்துக்கொண்டு போவதும் உண்டுதான். ஆனால் விளக்குக்கு நேர் கீழே இருக்கும் குவியலுக்கும் தார்ப்பாய் நிழலில் இருக்கும் குவியலுக்கும் ஒரே கணக்கு சரிவராது.

எக்ஸ்-டி3-இல் கண்ணை எடுக்கவே இல்லை. கட்டைவிரலால் காம்பன்சேஷன் டயலை மெல்லத் திருப்பினேன். சாம்பல் குவியல் என் கண் முன்னாலேயே வெளுத்துக்கொண்டு வந்தது. ஃபைண்டரின் மூலையில் ஹிஸ்டோகிராம் வலது பக்கம் நகர்ந்து போவது தெரிகிறது. மல்லி மொட்டின் காம்பை ஒட்டி மிக லேசான பச்சை ஒன்று ஓடும், கவனித்திருக்கிறீர்களா? மொட்டு முனைக்கு வர வர அது கரைந்து சுத்த வெள்ளையாகிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டியபோது அந்தப் பச்சை இருந்தது, மொட்டின் மேல் நிழலும் இருந்தது. இன்னும் இரண்டு க்ளிக் திருப்பினால் பச்சை போய்விட்டது, மொட்டுகளுக்கு நடுவில் இருக்கும் கோடுகளும் அழிந்து ஒரே வெள்ளைத் திட்டு. ஒரு க்ளிக் பின்னால் வந்தேன். நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் ஷட்டரை அமுக்கினேன்.

இதுதான் பெரிய மாற்றம் என்று எனக்குப் பட்டது. டிஎஸ்எல்ஆரில் முடிவு எடுப்பது அமுக்கிய பிறகு, இதில் அமுக்கும் முன்பே. அன்று எடுத்ததை வீட்டில் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது, வழக்கமாக இருக்கும் 'இருட்டு, கொஞ்சம் வெளிச்சம், சரி, அதிகம்' என்ற வரிசை வரிசையான படங்கள் இல்லை. வேறு வேறு படங்கள் இருந்தன. அழிக்கும் வேலை குறைந்தது.

இதற்காக அந்தத் திரையை அப்படியே நம்பிவிடவும் முடியாது. அது காட்டுவது கேமரா தயாரிக்கப் போகும் ஜேபெக்கை. நீங்கள் ராவில் எடுக்கிறவர் என்றால், திரையில் வெளுத்துப்போனதாகத் தெரியும் இடத்திலும் கோப்புக்குள் கொஞ்சம் விவரம் மிச்சம் இருக்கும். ஃபைண்டரைப் பார்த்துப் பயந்து குறைத்தால் நிழல் பக்கம் நஷ்டம். இன்னொரு விஷயம், இருட்டான மூலையை இது வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. மார்க்கெட்டின் பின்பக்கம், சாக்கு அடுக்கிய இடத்தில், என் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாதது ஃபைண்டரில் பளிச்சென்று தெரிந்தது. தலையை எடுத்தால் இருட்டு, வைத்தால் வெளிச்சம். அங்கே இருந்த இருட்டை எடுக்கத்தானே போனேன்? அதற்காக டயலை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

மண்டபத்தில் ஃபிளாஷ் போட்டு எடுக்கிறவர்களுக்கு இதே விஷயம் தலைகீழாக வரும். மேனுவலில் ஷட்டரும் அப்பர்ச்சரும் ஃபிளாஷுக்கு ஏற்றபடி வைத்தால், ஃபிளாஷ் இனிமேல்தான் வெடிக்கப் போகிறது என்பது ஃபைண்டருக்குத் தெரியாது, கறுப்பாகக் காட்டும். மாப்பிள்ளை எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. மெனுவில் போய் மேனுவல் மோடில் எக்ஸ்போஷர் முன்காட்சியை அணைக்க வேண்டும். தம்பி அதை ஒரு பட்டனில் போட்டு வைத்திருந்தான். கல்யாண வீட்டில் வேலை செய்கிறவன் என்பது அந்த ஒரு பட்டனிலேயே தெரிந்தது.

மார்க்கெட்டில் இன்னொரு பாடமும் கிடைத்தது, அது ஷட்டர் பற்றியது. இந்த கேமராவில் இரண்டு ஷட்டர் உண்டு. ஒன்று வழக்கமான திரை ஷட்டர். இன்னொன்று எலக்ட்ரானிக், எதுவும் அசையாது, துளி சத்தம் கிடையாது. சத்தம் போடாமல் எடுக்கலாமே என்று எலக்ட்ரானிக்கில் வைத்தால், சில கடைகளில் படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்தது. காரணம் நம் கரண்ட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. பல்பும் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும்போது, மங்கிய நேரத்தில் படித்த வரியெல்லாம் கறுப்பாகிறது, பிரகாசமான நேரத்தில் படித்தது வெளுப்பாகிறது. ஷட்டர் வேகத்தை நூறில் ஒரு பங்குக்கோ ஐம்பதில் ஒரு பங்குக்கோ இறக்கினால், ஒவ்வொரு வரியும் ஒரு முழுச் சுற்று வெளிச்சத்தை வாங்கிவிடும், பட்டை போய்விடும். எக்ஸ்-டி3 என்றில்லை, சென்சாரை இப்படி வரி வரியாகப் படிக்கும் கேமரா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், உங்கள் போனுக்கும்தான். இதில் நல்லது என்னவென்றால், பட்டை ஃபைண்டரிலேயே முன்கூட்டி நெளிகிறது. நெளிந்தால் திரை ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

நான் திரை ஷட்டருக்கு மாறியதற்கு வேறொரு காரணமும் உண்டு.

மார்க்கெட் வாசலில் ஒரு ஆத்தா, மடியில் கனகாம்பரமும் மல்லியும் போட்டு வாழை நாரில் சரம் கட்டிக்கொண்டிருந்தார். "ஆத்தா, ஒரு போட்டோ எடுத்துக்கிறவா?" என்றேன். "எடுத்துக்கப்பா" என்று சொல்லி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்தார். நான் அவர் கட்டிக்கொண்டிருப்பதை எடுக்க விரும்பியவன், ஆனாலும் மரியாதைக்கு அப்படியும் நாலைந்து எடுத்தேன். எலக்ட்ரானிக் ஷட்டர். கேமராவை இறக்கவும் இல்லை, அவர் கட்ட ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அசையவே இல்லை.

"என்னப்பா, இன்னும் எடுக்கலையா? கை சும்மா கெடக்கு."

"எடுத்துட்டேன் ஆத்தா."

"சத்தத்தையே காணோமே?"

போட்டோ என்றால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அது வந்தால் வேலை முடிந்தது, மூச்சு விடலாம். இது படம் எடுக்கிறவனைவிட எடுக்கப்படுகிறவருக்குத்தான் முக்கியம். போன்காரர்கள் இதைத் தெரிந்துதான் இல்லாத ஷட்டருக்குப் பொய்ச் சத்தம் வைத்திருக்கிறார்கள். ஒருவரிடம் கேட்டு எடுக்கிறோம் என்றால் எடுத்துவிட்டோம் என்பதையும் அவர் காது கேட்க வேண்டும். எக்ஸ்-டி3-இன் திரை ஷட்டர் சத்தம் டி7200 அளவுக்குப் பெரிதில்லை, கண்ணாடி மோதும் 'படக்' இல்லாமல் தணிந்த ஒரு 'டிக்'. அது போதும். பாட்டுக் கச்சேரி, தூங்கும் குழந்தை, இதற்கெல்லாம் வேண்டுமானால் எலக்ட்ரானிக் இருக்கட்டும்.

திரை ஷட்டருக்கு மாறி எடுத்தேன், டிக் கேட்டதும் ஆத்தா மறுபடி கட்ட ஆரம்பித்தார். இரண்டு மல்லியை எதிரெதிராக வைத்து, நாரை ஒரு சுற்று சுற்றி, விரலால் ஒரு முடிச்சு. பார்வை எங்கோ இருக்கிறது, விரல் தானாக ஓடுகிறது. இந்த இடத்தில் கண் ஃபோகஸ் பற்றிச் சொல்ல வேண்டும். முகத்தைக் கண்டதும் கேமரா ஒரு சதுரம் போட்டுப் பிடித்துக்கொள்கிறது, பிறகு கண்ணைத் தேடிப் போகிறது. டி7200-இல் ஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது நான்தான் புள்ளியை நகர்த்தி நகர்த்தி முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே அது தேவையில்லை, நான் சட்டகத்தை மட்டும் பார்த்தேன். ஆனால் ஆத்தா சரத்தைப் பார்த்துக் குனிந்தபோது சதுரம் அவரை விட்டுவிட்டு, பின்னால் தூணில் மாட்டியிருந்த காலண்டர் முருகனிடம் போய் நின்றது. முருகன் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், இரண்டு கண்ணும் தெரிகிறது, போகத்தானே செய்யும். நம் ஊரில் முகம் இல்லாத சுவர் எங்கே இருக்கிறது? போஸ்டர், ஃபிளெக்ஸ், காலண்டர், மஞ்சள் பை. கண் ஃபோகஸை எப்போது அணைப்பது என்று தெரிந்துகொள்வதும் இங்கே ஒரு திறமை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது நிறம். முகத்தைப் பிடித்ததும் கேமரா எக்ஸ்போஷரையும் முகத்தை வைத்தே கணக்கிடுகிறது. ஆத்தா நல்ல கறுப்பு, வெயிலில் காய்ந்து மினுங்கும் கறுப்பு. கேமரா அதைத் தூக்கி மாநிறமாக்கப் பார்த்தது. முகம் வெளுத்து, பின்னால் இருந்த பூவெல்லாம் எரிந்துபோனது. மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தேன், ஆத்தா திரும்ப வந்தார். நம் ஊர் ஸ்டுடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கித் தருவதைக் கைத்திறன் என்று நினைத்த காலம் உண்டு, இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. எடுக்கும்போதே அந்த நிறத்தைப் பார்த்து, அதை அப்படியே வைத்துக்கொள்ள முடிவதை நான் இந்த ஃபைண்டரின் பெரிய வசதி என்பேன்.

ஃபுஜி என்றாலே எல்லோரும் பேசுவது ஃபிலிம் சிமுலேஷன். ஃபிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனி, தன் பழைய ஃபிலிம்களின் நிறத்தைக் கேமராவுக்குள் வைத்திருக்கிறது. வெல்வியா, ப்ரோவியா, ஆஸ்டியா, கறுப்பு வெள்ளைக்கு ஆக்ராஸ். எந்த ஃபிலிமின் பெயரும் இல்லாத கிளாசிக் குரோமும் உண்டு. எனக்கு வெல்வியா மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். அதில் எடுத்த இயற்கைக் காட்சிகளைப் பத்திரிகையில் பார்த்து ஏங்கியவன், ஒரு ரோல் வாங்கக் கையில் காசு இருந்ததில்லை. ஆசையாக வெல்வியாவில் வைத்துக் கனகாம்பரக் கூடையை எடுத்தேன். ஏற்கெனவே நெருப்பு மாதிரி ஆரஞ்சு, அதில் வெல்வியா வேறு. இதழின் மடிப்பு, ஓரம், எதுவும் இல்லை. கூடைக்குள் ஆரஞ்சுச் சாயத்தை ஊற்றியது போல ஒரே தளமாக நின்றது. ஹிஸ்டோகிராமின் பொது வரைபடம் பத்திரமாக இருப்பதாகக் காட்டும், சிவப்பு மட்டும் தனியாக முட்டிக்கொண்டு நிற்கும். கோழிக்கொண்டைப் பூவுக்கும் இதே கதி. ஆஸ்டியாவுக்கு மாற்றினேன், மடிப்பு திரும்பியது. வெல்வியா ஜப்பான் மலைக்கும் மழைக்காலக் கொடைக்கானலுக்கும் சரி, மதுரை பூக்கடைக்கு வேண்டாம்.

ஆக்ராஸில் விளையாடியதுதான் அதிகம். பழைய கறுப்பு வெள்ளைக்காரர்கள் லென்ஸ் முன்னால் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கண்ணாடி மாட்டுவார்களே, அதே தேர்வு இதில் மெனுவில் இருக்கிறது. சிவப்பு ஃபில்டரில் கனகாம்பரம் வெளுத்து மல்லிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இரண்டும் கலந்த சரத்தில் எது எது என்று பிரிக்க முடியவில்லை. பச்சைக்கு மாற்றினால் கனகாம்பரம் கறுத்து இறங்கியது, மல்லி மட்டும் எழுந்து நின்றது. அதே சரம், அதே வெளிச்சம். இதையும் அமுக்கும் முன்பே ஃபைண்டரில் கறுப்பு வெள்ளையாகப் பார்க்கலாம். நிறத்தோடு பார்த்துவிட்டு மனதுக்குள் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கிற வித்தையை நான் பாதிதான் கற்றிருந்தேன். இனி அது மறந்துவிடுமோ என்ற கவலையும் உண்டு.

சும்மா தோன்றியது ஒன்று. ஊட்டியில் நமக்கே ஒரு ஃபிலிம் கம்பெனி இருந்தது, ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தது. அந்தத் தாத்தா காலத்துப் படங்களின் சாம்பல் எப்படி இருந்தது என்பதை எந்த கேமராவும் மெனுவில் வைக்கப் போவதில்லை. கம்பெனி மூடினால் நிறமும் போய்விடும்போல.

இனி அடாப்டர். பெரியப்பா வைத்திருந்த நிக்கான் 50 எஃப்1.8 லென்ஸ் ஒன்று வீட்டில் கிடக்கிறது, மேனுவல் ஃபோகஸ், அப்பர்ச்சர் வளையத்தோடு. டி7200-இல் அதை மாட்டலாம், ஆனால் அந்த ஃபைண்டரில் ஃபோகஸ் சரியா என்று கண்டுபிடிப்பது என் கண்ணுக்கு இப்போது முடியாத காரியம். நிக்கான் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் 1959-லிருந்து 46.5 மில்லிமீட்டர். கண்ணாடி எழும்ப இடம் வேண்டுமே. ஃபுஜியில் கண்ணாடி இல்லை என்பதால் 17.7 மில்லிமீட்டர் போதும். மிச்சம் 28.8 மில்லிமீட்டரை அடைக்க ஒரு உலோகக் குழாய், அதுதான் அடாப்டர். உள்ளே லென்ஸும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. மாட்டிவிட்டு அமுக்கினால் முதலில் கேமரா அசையாது. லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் எடு' என்பதை ஆன் செய்யச் சொல்லித் தம்பி முன்பே சொல்லியிருந்தான்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, எது கூர்மையாகிறதோ அதன் ஓரங்களில் சிவப்புக் கோடு ஓடுகிறது. வைகைப் பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் காய்ந்துகொண்டிருந்த வேட்டியில் அந்தச் சிவப்பு, மடிப்பு மடிப்பாக முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். படம் எடுக்கவே தோன்றவில்லை. இன்னும் சரியாக வேண்டுமென்றால் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம். 50 எம்எம் இந்த சென்சாரில் 75 போல வேலை செய்கிறது, முகம் எடுக்க அருமையான அளவு. ஒளி எதிரே இருந்தால் லேசான பனிபோல ஒரு வெளுப்பு படரும், இன்றைய லென்ஸ்களில் அது வராது. எனக்கு அது வேண்டும். பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அப்பர்ச்சர் வளையம் இல்லாத 'ஜி' வகை நிக்கான் லென்ஸ் என்றால் சாதா அடாப்டரில் அது மிகச் சின்னத் துவாரத்தில் மூடியே நிற்கும், அடாப்டரிலேயே வளையம் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றி முணுமுணுக்காமல் மிரர்லெஸ் பற்றி எழுத முடியாது. ஒரு சார்ஜில் டி7200-க்குச் சொல்லப்படும் கணக்கு 1110 படம், எக்ஸ்-டி3-க்கு 390. சென்சாரும் திரையும் எப்போதும் விழித்திருப்பதற்கான கூலி அது. டிஎஸ்எல்ஆரை ஆனிலேயே தோளில் தொங்கவிட்டு ஊர் சுற்றலாம். இதை அப்படி விட்டால், வயிற்றில் உரசும்போதெல்லாம் கண் வந்துவிட்டது என்று நினைத்து ஃபைண்டர் எரியும். பவர் ஸ்விட்ச் ஷட்டர் பட்டனைச் சுற்றியே இருப்பதால் அணைத்து அணைத்துப் போடுவது பழக்கமாகிவிட்டது. யூ.எஸ்.பி. வழியாக பவர் பேங்கிலிருந்தே சார்ஜ் ஏறுவது ஆறுதல். பாடிக்குள் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி கிடையாது, அது எக்ஸ்-டி4-இல்தான் வந்தது. 18-55 லென்ஸுக்குள் இருக்கிறது, 35-இல் இல்லை. எனக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. வீடியோ எடுக்கிறவர்கள் யோசிக்கட்டும்.

திருமலை நாயக்கர் மகாலுக்கும் கொண்டுபோனேன். அந்தத் தூண்களை எடுக்காத கேமரா மதுரையில் இருக்காது, என்னுடையதும் எல்லோருடையதும் போலத்தான் வந்தது, அதனால் விட்டுவிடுகிறேன்.

மாறலாமா என்று கேட்டால், என்ன எடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். தூரத்துப் பறவை எடுக்கிறவர், கையில் நல்ல டெலி லென்ஸ் வைத்திருக்கிறவர், அவசரப்பட வேண்டாம். பாடி வாங்குவது பெரிய செலவே இல்லை, லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் ஆளைச் சாய்க்கும். என் நிக்கான் லென்ஸ்களில் இந்தப் பக்கம் வருவது பெரியப்பாவுடையது மட்டும்தான். ஆனால் தெருவில், கடையில், அருகில் நின்று மனிதர்களை எடுக்கிற எனக்கு, இந்த பாடியும் 35 எஃப்2-உம் இருந்தால் வேறு ஒன்றும் வேண்டாம். கேமராவைத் தூக்கினாலும் யாரும் மிரள்வதில்லை, பெரிய கேமராவைக் கண்டதும் "எந்த சேனல் சார்?" என்று கேட்கிறவர்கள் இதைக் கண்டு கேட்கவில்லை.

முடிவு பண்ணிவிட்டுத் தம்பிக்கு போன் போட்டேன்.

"கிட் லென்ஸ் வேணாம்டா. பாடியும் அந்த 35-உம் மட்டும் எடுத்துக்கிறேன். என்ன வெலன்னு சொல்லு."

"35-ஆ? அண்ணே, பாடியைத்தானே விக்கலாம்னு சொன்னேன். அந்த லென்ஸ் புது பாடிக்கும் சேரும்ணே. முகூர்த்தம் வருது, ஞாயித்துக்கிழமைக்குள்ள அதக் கொண்டாந்து குடுத்துருங்க."

பாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.